சுழலும் கத்தி எப்போது நிற்கும்? உழவு இயந்திரச் சுழற்கருவிகளைப் பாதுகாப்பாக நிறுத்துதல்

க.பொ.த. சாதாரண தரம் – வழிகாட்டிக் கட்டுரை
பொருந்தும் பாடங்கள்: விஞ்ஞானம், விவசாயமும் உணவுத் தொழினுட்பமும்

இக்கட்டுரையைக் கற்று முடித்ததும் நீங்கள்,
• எஞ்சினின் வலு சுழற்கருவியைச் சென்றடையும் வழியை விளக்குவீர்கள்.
• வலு துண்டிக்கப்பட்ட பின்னரும் கத்தி சுழல்வதற்கான காரணத்தைக் கணிப்புடன் காட்டுவீர்கள்.
• சுழற்கருவியை நிறுத்தும் படிமுறைகளை ஒழுங்காகவும் காரணத்தோடும் எழுதுவீர்கள்.
• விபத்து நேர்ந்தால் முதலில் செய்ய வேண்டியதைக் கூறுவீர்கள்.

1. அறிமுகம்



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை செல்லும் பிரதான வீதியின் கிழக்கே கடல். மேற்கே சற்றுத் தூரம் போனால் வயல். சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம் வட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இங்கினியாகலைச் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரே உயிர். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு அத்திட்டம் தொடங்கியது. ஒரு காலத்தில் எருமையும் மாடும் மிதித்த இந்தச் சேற்றை இன்று உழவு இயந்திரமும் அதன் பின்னால் பூட்டப்பட்ட சுழற்கலப்பையும் கலக்குகின்றன.

மழை தொடங்கிப் பெரும்போக வெள்ளாமைக்கு நிலம் பண்படுத்தும் நாட்களில் உங்களில் பலர் வாப்பாவுக்கோ மாமாவுக்கோ உதவியாக வயலுக்குப் போகிறீர்கள். சோறு கொண்டு போகிறீர்கள், டீசல் கான் தூக்குகிறீர்கள், கத்தியில் சுற்றிய புல்லை இழுத்து எடுக்கிறீர்கள். இந்தக் கடைசி வேலைக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. சுழற்கருவியை ஓட்டப் பழகுவோர் பலர். அதை நிறுத்தப் பழகுவோர் சிலர். நிறுத்துவது என்பது கிளச்சை ஒரு முறை மிதிப்பதல்ல. அது ஒழுங்குமுறையான பல படிகளைக் கொண்ட ஒரு செயல். அதன் ஒவ்வொரு படிக்கும் உங்கள் விஞ்ஞானப் பாடப் புத்தகத்திலேயே காரணம் உண்டு.

2. வலு கத்தியைச் சென்றடையும் வழி

நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் பின்புறத்தில், இரண்டு பெரிய டயர்களுக்கும் நடுவே, பற்கள் வெட்டப்பட்ட ஒரு குட்டைத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இதுவே வலு வெளியீட்டுத் தண்டு. வயலில் இதைப் பி.ரீ.ஓ. என்பார்கள். இதன் நியமக் கதி நிமிடத்திற்கு 540 சுற்றுகள். பெரிய இயந்திரங்களில் 1000 சுற்றுக் கதியும் உண்டு.

வலு செல்லும் ஒழுங்கு பின்வருமாறு:

எஞ்சின் → கிளச்சு → பற்சில்லுகள் → வலு வெளியீட்டுத் தண்டு → மூட்டுத் தண்டு → கருவியின் கியர்ப்பெட்டி → கத்தி

இவ்வாறு இயங்கும் கருவிகளில் இரண்டை இங்கு எடுத்துக்கொள்வோம்.

சுழற்கலப்பை: இதன் அச்சு நிலத்துக்குச் சமாந்தரமாகக் கிடையாக இருக்கும். அச்சில் ஆங்கில எழுத்து எல் வடிவில் வளைந்த கத்திகள் பூட்டப்பட்டிருக்கும். கியர்ப்பெட்டி கதியைக் குறைப்பதால் அச்சு நிமிடத்திற்கு ஏறக்குறைய 200 சுற்றுகளே சுழலும். கதி குறைந்தாலும் முறுக்கும் விசை பெரிது. அவுஸ்திரேலியாவின் கில்கண்ட்ரா என்ற ஊரில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹவார்ட் 1912 இல் தம் தந்தையின் பண்ணையில் இதற்கான பரிசோதனைகளைத் தொடங்கினார். முதலில் அவர் பயன்படுத்திய வட்டத்தட்டுகள் மண்ணைப் பக்கவாட்டில் வீசின. எல் வடிவக் கத்திகளை மாற்றிய பின்பே மண் சீராகக் கலந்தது. 1920 இல் அவர் காப்புரிமை பெற்றார்.

சுழற் புல்வெட்டி: தென்னந்தோட்டங்களிலும் மைதானங்களிலும் தரிசு நிலங்களிலும் புல், பற்றை வெட்டப் பயன்படும். இதன் அச்சு நிலைக்குத்தானது. அச்சின் கீழ்நுனியில் பாரமான கத்திகள் நிலத்துக்குச் சமாந்தரமாகச் சுழலும். இங்கே கியர்ப்பெட்டி கதியைக் கூட்டும். ஆகவே கத்தி முனையின் கதி மிக அதிகம்.

3. வலு நின்றாலும் சுழற்சி நிற்பதில்லை

நியூற்றனின் முதலாம் விதியை நினைவுகூருங்கள். சமநிலைப்படுத்தப்படாத விசை தாக்காத வரை ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். இயங்கும் பொருள் சீராக இயங்கிக்கொண்டிருக்கும். பொருளின் இந்த இயல்பே சடத்துவம். சுழலும் பொருளுக்கும் இது உண்டு. திணிவு கூடினாலும், அத்திணிவு அச்சிலிருந்து தூரத்தில் அமைந்தாலும் சுழற்சியை நிறுத்துவது கடினம். புல்வெட்டிக் கத்தியில் இவ்விரண்டும் சேர்ந்துள்ளன.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டுப் பாருங்கள். கையை எடுத்த பின்னும் பின்சில்லு நெடுநேரம் சுற்றும். கையை எடுத்தது வலுவைத் துண்டித்ததற்குச் சமம். சில்லை நிற்க வைத்தது உராய்வும் வளித்தடையுமே.

இப்போது மூன்று கணிப்புகளைச் செய்வோம்.

கணிப்பு 1 – மூட்டுத் தண்டு
நிமிடத்திற்கு 540 சுற்று = 540 ÷ 60 = செக்கனுக்கு 9 சுற்று.
மூட்டுத் தண்டின் விட்டம் 7 சென்ரிமீற்றர் எனின், அதன் சுற்றளவு = 22/7 × 7 = 22 சென்ரிமீற்றர்.
ஒரு செக்கனில் தண்டு தன் மீது சுற்றிக்கொள்ளும் துணியின் நீளம் = 22 × 9 = 198 சென்ரிமீற்றர்.
அதாவது ஏறக்குறைய 2 மீற்றர். சாரனின் ஒரு முனையோ தாவணியின் ஓரமோ தண்டில் பட்டால் ஒரு செக்கனுக்குள் முழுத்துணியும், அதை அணிந்தவரும் தண்டை நோக்கி இழுக்கப்படுவர். "டக்கென்று இழுத்து எடுத்துவிடலாம்" என்ற எண்ணம் தவறு என்பதை இந்த எண்ணே காட்டுகின்றது.

கணிப்பு 2 – கத்தி முனை
ஒரு புல்வெட்டியின் கத்தி முனை அச்சிலிருந்து 0.75 மீற்றர் தூரத்தில் உள்ளது. அது செக்கனுக்கு 15 சுற்று சுழல்கிறது எனக் கொள்வோம்.
முனையின் கதி = 2 × 22/7 × 0.75 × 15 = அண்ணளவாக 70 மீற்றர்/செக்கன்.
இது மணிக்கு 250 கிலோமீற்றருக்குச் சமம். இக்கதியில் 100 கிராம் கல்லொன்று வீசப்பட்டால்,
இயக்கசக்தி = ½ × 0.1 × 70 × 70 = 245 யூல்.
5 கிலோகிராம் திணிவுள்ள கல் 5 மீற்றர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் சக்தி 5 × 10 × 5 = 250 யூல். புல்வெட்டி ஓடும்போது அருகில் நிற்கக் கூடாது என்று பெரியவர்கள் விரட்டுவது ஏன் என்று இப்போது விளங்கும்.

கணிப்பு 3 – நிற்பதற்குள் எத்தனை சுற்று?
வலு துண்டிக்கப்பட்ட பின் அதே கத்தி சீராக வேகம் தணிந்து 10 செக்கனில் நிற்கிறது எனக் கொள்வோம். நேரத்தைக் கிடை அச்சிலும் சுழற்சிக் கதியை நிலைக்குத்து அச்சிலும் குறித்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் பரப்பளவே சுற்றுகளின் எண்ணிக்கை.
சுற்றுகள் = ½ × 10 × 15 = 75.
நெம்பை இழுத்த பிறகும் கத்தி 75 முறை சுற்றுகிறது. ஒருவர் ஆசனத்திலிருந்து இறங்கிப் பின்னால் நடந்து வர 5 செக்கன் போதும். அவர் வந்து சேரும்போது கத்தி செக்கனுக்கு 7.5 சுற்றுக் கதியில் இருக்கும். அந்தக் கதியில் கண்ணுக்குக் கத்தி தெரியாது. மங்கலான ஒரு வட்டமே தெரியும்.

4. கிளச்சை மிதித்தால் என்ன நடக்கும்?

"கிளச்சை மிதித்தால் எல்லாம் நிற்கும்" என்று விடை எழுதும் மாணவர் பலர். இது எல்லா இயந்திரத்திற்கும் பொருந்தாது. நீங்கள் உதவிக்குப் போகும் இயந்திரம் எந்த வகை என்று அதை ஓட்டுபவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

(அ) ஒற்றைக் கிளச்சு வகை: சில்லுகளுக்கும் வலு வெளியீட்டுத் தண்டுக்கும் ஒரே கிளச்சு. மிதித்தால் எஞ்சினின் வலு இரண்டுக்கும் துண்டிக்கப்படும். ஆனால் இங்கு ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கருவியும் சில்லுகளும் கியர்ப்பெட்டிக்குள் இன்னும் ஒன்றோடொன்று தொடர்பிலேயே இருக்கின்றன. பாரமான புல்வெட்டிக் கத்தி தன் இயக்கசக்தியால் வலு வெளியீட்டுத் தண்டைச் சுழற்றும். தண்டு கியரைச் சுழற்றும். கியர் சில்லைச் சுழற்றும். கிளச்சு மிதிபட்டிருக்கும்போதே இயந்திரம் முன்னோக்கித் தள்ளப்படும். வாய்க்கால் ஓரத்திலோ மதில் அருகிலோ இது நடந்தால் விளைவு பெரிது.

இதைத் தடுக்கத் தண்டில் ஒருவழி இணைப்பு ஒன்றைப் பூட்டுவார்கள். சைக்கிளின் பின்சில்லிலுள்ள ஃபிறீவீல் செய்யும் வேலையையே இதுவும் செய்கிறது. எஞ்சின் கத்தியைச் சுழற்றலாம். கத்தி எஞ்சின் பக்கத்தைச் சுழற்ற முடியாது.

(ஆ) இருநிலைக் கிளச்சு வகை: எங்கள் பகுதியில் அதிகம் காணப்படும் மசி பெர்குசன் 135, 240 போன்றவற்றில் பல இவ்வகை. மிதியைப் பாதி அழுத்தினால் சில்லுகள் மட்டும் நிற்கும். முழுவதும் அழுத்தினால்தான் வலு வெளியீட்டுத் தண்டுக்குச் செல்லும் வலு துண்டிக்கப்படும். எனவே உழவு இயந்திரம் அசையாமல் நிற்பதைப் பார்த்து "நின்றுவிட்டது" என்று முடிவு செய்யாதீர்கள். சில்லு நிற்கும்போதே பின்னால் கத்தி எஞ்சின் வலுவோடு சுழன்றுகொண்டிருக்கலாம்.

(இ) இரு சில்லு உழவு இயந்திரம்: எங்கள் ஊரில் எந்த நிறுவனத்தின் தயாரிப்பாயினும் லேண்ட்மாஸ்டர் என்றே சொல்லிவிடுகிறோம். இதை ஓட்டுபவர் பின்னால் நடந்து செல்வார். கத்தி அவருடைய கால்களுக்குச் சற்று முன்னால் சுழலும். பின்னோக்கி எடுக்கும்போது கத்தி அவரை நோக்கியே வரும். சேற்றில் கால் புதைந்தால் விலக முடியாது. ஆகவே பின்னோக்கி எடுப்பதற்கு முன் கத்திக்குச் செல்லும் கியரை விடுவிக்க வேண்டும்.

5. நிறுத்தும் ஒழுங்கு

படி 1: மட்டமான, ஆட்கள் இல்லாத இடத்தில் ஓட்டத்தை நிறுத்துக.
காரணம்: சரிவில் நிறுத்தினால் புவியீர்ப்பால் இயந்திரம் நகரும்.

படி 2: எஞ்சினின் வேகத்தைக் குறைக்க.
காரணம்: இயக்கசக்தி கதியின் வர்க்கத்திற்கு நேர்விகித சமன். கதி அரைவாசியானால் சக்தி கால்வாசியாகும். கத்தி விரைவில் நிற்கும்.

படி 3: வலு வெளியீட்டுத் தண்டின் நெம்பை விடுவிக்க.
காரணம்: கத்திக்கு எஞ்சினிலிருந்து வலு செல்வது முற்றாக நிற்கும்.

படி 4: கியரை நடுநிலைக்கு மாற்றித் தரிப்புப் பிறேக்கைப் பூட்டுக.
காரணம்: எதிர்பாராத நகர்வு தடுக்கப்படும்.

படி 5: உயர்த்தப்பட்ட கருவியை மெதுவாக நிலத்தில் இறக்குக.
காரணம்: உயர்ந்து நிற்கும் கருவியில் அழுத்தசக்தி உண்டு. அதைத் தாங்குவது நீரியல் தொகுதியிலுள்ள எண்ணெயின் அமுக்கமே. எண்ணெய் கசிந்தாலோ ஒருவரின் கை நெம்பில் பட்டாலோ கருவி விழும். சுழற்கலப்பையாயின் சேற்றின் தடையும் கத்தியை நிறுத்த உதவும்.

படி 6: எஞ்சினை நிறுத்துக.
காரணம்: வலுவின் மூலமே நின்றால் எவரும் தவறுதலாக நெம்பைத் தட்டினாலும் கத்தி சுழலாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய டீசல் உழவு இயந்திரங்களில் திறப்பைத் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. பெற்றோல் எஞ்சினில் எரிபற்றலுக்கு மின்பொறி தேவை. திறப்பைத் திருப்பினால் பொறி நிற்கும், எஞ்சினும் நிற்கும். டீசல் எஞ்சினில் மின்பொறி இல்லை. நெருக்கப்பட்டுச் சூடான வளியில் டீசல் சீறப்பட்டுத் தானே பற்றுகிறது. ஆகவே எரிபொருளை நிறுத்த வேண்டும். அதற்கெனத் தனியாக ஓர் இழுகம்பி இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று வயலுக்குப் போகும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

படி 7: திறப்பைக் கழற்றி எடுக்க.
காரணம்: ஒருவர் கத்தியருகே இருக்கும்போது வேறொருவர் எஞ்சினை இயக்க முடியாது.

படி 8: ஆசனத்தில் இருந்தபடியே பின்னால் பார்க்க, காது கொடுத்துக் கேட்க, கத்தி முற்றாக நின்ற பின்னரே இறங்குக.
காரணம்: சடத்துவம்.

எட்டுப் படியையும் மனனம் செய்ய ஒரு வரி: திறப்பு கையில், கத்தி ஓய்வில், பிறகே கால் நிலத்தில்.

உதவிக்கு நிற்பவருக்கும் இதே வரி பொருந்தும். "காக்கா, திறப்ப எடுத்திட்டீங்களா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அவர் திறப்பைத் தூக்கிக் காட்டும் வரை கத்திக்கு அருகே போகாதீர்கள்.

6. பலரும் தவறும் இடங்கள்

கத்தியில் சிக்கிய வைக்கோல்: வைக்கோல் சுற்றினால் கத்தி சுழல முடியாமல் நிற்கக்கூடும். அப்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் அதன் விசை தண்டில் முறுக்காகத் தேங்கியிருக்கும். வைக்கோலை வெட்டி விடுவித்த கணத்தில் கத்தி திடீரெனத் திரும்பும். "நின்றிருக்கும் கத்தி" வேறு, "நிறுத்தப்பட்ட கத்தி" வேறு. எட்டுப் படியும் முடிந்த பின், கையால் அல்லாமல் கொக்கியாலோ தடியாலோ எடுக்க வேண்டும்.

தண்டின் உறை: மூட்டுத் தண்டின் மேல் பிளாஸ்ரிக் உறை ஒன்று வரும். அதிலுள்ள சிறு சங்கிலியை அசையாத பகுதியில் கொளுவினால் தண்டு சுழலும், உறை சுழலாது. உறை உடைந்ததும் கழற்றி எறிந்துவிடுவது பரவலான பழக்கம். உறையில்லாத் தண்டின் மேலால் தாண்டுவது, எஞ்சின் ஓடாத போதும்கூட, பழகக் கூடாத ஒன்று.

உடை: தொங்கும் சாரன், தளர்ந்த சேட், தோளில் போட்ட துவாய் என்பன சுழற்கருவி அருகே ஆகா. சாரனை மடித்துக் கட்டுவது போதாது. உடம்போடு ஒட்டிய காற்சட்டையே உகந்தது.

ஆசனம் ஒன்று, ஆள் ஒன்று: மட்காட்டில் அமர்வதும், பாரத்துக்காகச் சுழற்கலப்பை மேல் சிறுவரை ஏற்றுவதும் வயல்களில் காணக்கூடிய காட்சிகள். வரம்பில் சில்லு ஏறி இறங்கும் ஒரு குலுக்கலில் ஏறியிருப்பவர் விழும் இடம் கத்தியின் முன்பாகவே இருக்கும். வாகனம் நிற்கும்போது ஏறியிருப்பவர் முன்னோக்கிச் சாய்வதும் சடத்துவமே.

7. அவசர நேரத்தில்

ஒருவர் சிக்கிக்கொண்டால் நமக்கு முதலில் வரும் எண்ணம் அவரைப் பிடித்து இழுப்பது. அதைச் செய்யாதீர்கள். செக்கனுக்கு 9 சுற்றுச் சுழலும் தண்டோடு மனித பலம் போட்டியிட முடியாது. இழுக்கப் போனவரும் சிக்குவார்.

1. முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். பழைய டீசல் இயந்திரமாயின் இழுகம்பியை இழுங்கள்.
2. எஞ்சினை மீண்டும் இயக்கியோ பின்னோக்கி எடுத்தோ விடுவிக்க முயல வேண்டாம்.
3. 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். எந்த வட்டை, எந்தப் பாலம், எந்த வாய்க்கால் வீதி என்று இடத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவரைப் பிரதான வீதியில் நிறுத்துங்கள்.
4. இரத்தம் பெருகும் இடத்தில் சுத்தமான துணியை வைத்துத் தொடர்ந்து அழுத்துங்கள்.
5. விரல் முதலியன துண்டிக்கப்பட்டால் அப்பகுதியைச் சுத்தமான துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் இட்ட பாத்திரத்தில் வைத்து நோயாளியோடு அனுப்புங்கள். ஐஸ் நேரடியாகத் தசையில் படக் கூடாது.

8. பயிற்சி வினாக்கள்

பகுதி அ – பொருத்தமான விடையைத் தெரிவு செய்க.

(1) நிமிடத்திற்கு 540 சுற்றுச் சுழலும் தண்டு ஒரு செக்கனில் சுழலும் சுற்றுகள்,
1. 6 2. 9 3. 54 4. 90

(2) சுழலும் கத்தியின் கதி அரைவாசியாகக் குறையும்போது அதன் இயக்கசக்தி,
1. மாறாது 2. அரைவாசியாகும் 3. கால்வாசியாகும் 4. இரு மடங்காகும்

(3) திறப்பைத் திருப்பியும் பழைய டீசல் எஞ்சின் நிற்காமைக்குக் காரணம்,
1. சில்லுகளின் சடத்துவம் 2. எரிபற்றலுக்கு மின்பொறி தேவைப்படாமை 3. தரிப்புப் பிறேக் பூட்டப்படாமை 4. கருவி உயர்ந்திருத்தல்

(4) ஒருவழி இணைப்பின் தொழிலை ஒத்தது,
1. சைக்கிளின் பிறேக் 2. சைக்கிளின் கைபிடி 3. சைக்கிளின் ஃபிறீவீல் 4. சைக்கிளின் மணி

பகுதி ஆ – அமைப்புக் கட்டுரை

செக்கனுக்கு 12 சுற்றுச் சுழலும் புல்வெட்டிக் கத்தி, வலு துண்டிக்கப்பட்ட பின் சீராக வேகம் தணிந்து 8 செக்கனில் நிற்கிறது.
(i) சுழற்சிக் கதி – நேர வரைபை வரைக.
(ii) நிற்பதற்குள் கத்தி சுழலும் சுற்றுகளின் எண்ணிக்கையைக் காண்க.
(iii) வலு துண்டிக்கப்பட்ட பின்னும் கத்தி சுழலக் காரணம் யாது?
(iv) இறுதியில் கத்தி நிற்கக் காரணமான இரு விடயங்களைத் தருக.

விடைகள்
பகுதி அ: (1) 2, (2) 3, (3) 2, (4) 3
பகுதி ஆ: (i) நிலைக்குத்து அச்சில் 12 இல் தொடங்கிக் கிடை அச்சில் 8 இல் முடியும் நேர்கோடு. (ii) ½ × 8 × 12 = 48 சுற்று. (iii) சடத்துவம். (iv) அச்சுத் தாங்கிகளிலுள்ள உராய்வு, வளித்தடை.

9. விடை எழுதுவோர் கவனத்திற்கு

• "வலு", "சக்தி", "விசை" ஆகிய மூன்று சொற்களையும் ஒன்றுக்குப் பதிலாக ஒன்றை எழுதாதீர்கள். கிளச்சு துண்டிப்பது வலுவை. கத்தியில் எஞ்சியிருப்பது சக்தி. அதை நிறுத்துவது உராய்வு விசை.
• "கத்தி நின்றுவிடும்" என்று மட்டும் எழுதாமல், "வலு துண்டிக்கப்பட்டாலும் சடத்துவம் காரணமாகச் சிறிது நேரம் சுழன்று, உராய்வினால் நிற்கும்" என்று முழுமையாக எழுதுங்கள்.
• படிமுறை கேட்கப்பட்டால் ஒழுங்கு முக்கியம். "இறங்குக" என்பது எப்போதும் கடைசி.

பரீட்சைத் தாளில் ஒரு படியை விட்டுவிட்டால் இழப்பது ஒன்றிரண்டு புள்ளி. வயலில் விடும் படிக்கு அப்படிக் கணக்கில்லை. இக்கட்டுரையைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டிலோ அயலிலோ உழவு இயந்திரம் இருந்தால், அதன் எஞ்சினை நிறுத்தும் கம்பி எங்கே இருக்கிறது என்று இன்றே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். உம்மாவுக்கும் தம்பி தங்கைக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள்.